முந்தைய படத்தின் பயம்: சூப்பர்ஹீரோ படங்களில் ஸ்டுடியோ நிர்வாகிகளின் தலையீடு

வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' 2016 மார்ச் 25 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. அதன் இயக்குநர் ஸாக் ஸ்னைடர், அந்தக் கதையின் தொடர்ச்சியான 'ஜஸ்டிஸ் லீக்' படத்தின் படப்பிடிப்பை ஏப்ரல் 11 அன்று தொடங்கினார். இரண்டுக்கும் நடுவே இருந்தவை 17 நாட்கள். அந்த இடைவெளிக்குள் விமர்சகர்கள் முதல் படத்தைக் கடுமையாகச் சாடியிருந்தார்கள். இரண்டாவது வார இறுதியில் அதன் அமெரிக்க வசூல் ஏறத்தாழ 69 சதவீதம் சரிந்திருந்தது. படம் மிகவும் இருண்டு கிடக்கிறது, சூப்பர்மேன் ஒருமுறைகூட மனம்விட்டுச் சிரிப்பதில்லை என்ற குறை எங்கும் ஒலித்தது. அதைக் கேட்டு நிர்வாகிகள் கலங்கியபோது, அதே இயக்குநரின் அடுத்த படத்துக்குத் திரைக்கதை எழுதி முடிந்திருந்தது, அரங்குகள் எழுந்திருந்தன, நடிகர்களின் கால்ஷீட் வாங்கப்பட்டிருந்தது. பிறகு நான்கைந்து ஆண்டுகள் நீண்ட ஒரு பெரும் குழப்பத்துக்கு இந்த 17 நாட்களே தொடக்கம்.

சூப்பர்ஹீரோ படங்களில் ஸ்டுடியோ நிர்வாகிகள் தலையிடுவதைப் பற்றிப் பேசும்போது, ஒருபுறம் கனவு காணும் இயக்குநர், மறுபுறம் கணக்குப் பார்க்கும் முதலாளி என்ற சித்திரமே ரசிகர்கள் மனத்தில் எழுகிறது. அது முழு உண்மையைச் சொல்வதில்லை. இருபது, முப்பது கோடி டாலர் செலவாகும் ஒரு படத்தில் பணம் போட்டவர் கருத்துச் சொல்வது இயல்பானது. சில வேளைகளில் அது படத்தைக் காப்பாற்றியும் இருக்கிறது. கேடு விளைந்த இடங்களைக் கூர்ந்து பார்த்தால், தலையீடு எப்போது வந்தது, எதற்குப் பதிலாக வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விதமான விடை கிடைக்கிறது. படப்பிடிப்பு முடியும் தறுவாயிலோ முடிந்த பிறகோ, நகர்த்த முடியாத வெளியீட்டுத் தேதியின் நெருக்கடியில், முந்தைய படம் வாங்கிய அடிக்குப் பரிகாரமாக அது வந்திருக்கிறது. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் உப்புக் கூடிவிட்டது என்றதும், இரண்டாம் பந்திக்காக அடுப்பில் கொதிக்கும் வேறொரு சாம்பாரில், ருசிகூடப் பார்க்காமல் தண்ணீரை ஊற்றுவதற்கு ஒப்பானது அது.

முதலில் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஊதியம் பெற்றுச் செய்துகொடுக்கும் பணியாக ஒப்பந்தமான திரைப்படத்துக்குச் சட்டத்தின் பார்வையில் படைப்பாளி ஸ்டுடியோவே. அங்குள்ள இயக்குநர்கள் சங்கமான டைரக்டர்ஸ் கில்ட் செய்துகொண்ட உடன்படிக்கை, ஒரு முழுநீளப் படத்தின் இயக்குநர் தன் விருப்பப்படி முதல் வடிவத்தைத் தொகுத்துக் காட்டுவதற்குப் பொதுவாகப் பத்து வாரங்களை உறுதிசெய்கிறது. அதன் பிறகு கத்தரிக்கோல் ஸ்டுடியோவின் கைக்குப் போகிறது. இறுதி வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும் செல்வாக்கு மிகச் சில இயக்குநர்களுக்கே உண்டு. மற்றவர்களின் படம் பொதுப் பார்வையாளர்களுக்கு முன் சோதனைக் காட்சியாகத் திரையிடப்படும். அவர்கள் நிரப்பித்தரும் படிவங்களில் எத்தனை பேர் 'மிக நன்று', 'நன்று' எனக் குறித்தார்கள் என்ற சதவீதம் மறுநாள் காலை நிர்வாகிகளின் மேசைக்கு வரும். அந்த எண் குறைந்தால் மறுபடப்பிடிப்பு, மறுதொகுப்பு, புதிய இசை எனப் பேச்சு தொடங்கும்.

இந்த நடைமுறை எல்லாவகைப் படங்களுக்கும் பொது. சூப்பர்ஹீரோ படத்தில் அழுத்தம் கூடுவதற்குக் காரணம், அங்கே கதாபாத்திரம் இயக்குநருக்கு முன்பே பிறந்து, நிறுவனத்தின் சொத்தாக இருப்பதுதான். பேட்மேன் ஒரு திரைக்கதை நாயகன் மட்டுமல்லன். பொம்மை, சட்டை, உணவகச் சலுகை, தொலைக்காட்சித் தொடர் என எல்லாவற்றிலும் வருமானம் தரும் உடைமை. டிம் பர்ட்டன் இயக்கிய 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' 1992இல் வெளியானபோது, மெக்டொனால்ட்ஸ் உணவகம் குழந்தைகளுக்கான பொட்டலத்தோடு அந்தப் படத்தின் பொம்மைகளைக் கொடுத்தது; படமோ குழந்தைகளைப் பயமுறுத்தும் அளவு இருண்டிருந்தது. பெற்றோரின் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த படத்துக்கு இயக்குநர் நாற்காலியில் ஜோயல் ஷூமேக்கர் உட்கார்ந்தார். வண்ணங்கள் கூடிய 'பேட்மேன் ஃபாரெவர்' 1995இல் முந்தைய படத்தைவிட அதிகம் சம்பாதித்தது, ஆகவே அதே திசையில் இன்னும் தூரம் போகும்படி ஸ்டுடியோ விரும்பியது. 1997இல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' படத்தில், பொம்மையாக விற்கத் தக்க பொருட்களும் உடைகளும் கதையில் இடம்பெற வேண்டும் என்ற நெருக்கடி இருந்ததை ஷூமேக்கர் பின்னர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அந்தப் படத்துக்குப் பிறகு, 2005இல் கிறிஸ்டோபர் நோலன் வரும்வரை எட்டு ஆண்டுகள் பேட்மேனுக்குத் தனிப் படம் அமையவில்லை. முந்தைய படத்துக்கு வந்த புகாருக்கு அடுத்த படத்தில் விடை தேடும் பழக்கம் வார்னரில் அப்போதே வேரூன்றிவிட்டது.

2012இல் போட்டி நிறுவனமான மார்வெலின் 'தி அவெஞ்சர்ஸ்' 150 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2008இன் 'அயர்ன் மேன்' தொடங்கி ஒவ்வொரு நாயகனையும் தனித்தனிப் படத்தில் நிறுவி, பிறகு ஒன்றுசேர்த்த நான்காண்டு உழைப்பின் விளைச்சல் அது. வார்னருக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. 2014 அக்டோபரில், தலைமை நிர்வாகி கெவின் சுஜிஹாரா முதலீட்டாளர்கள் கூட்டத்தில் தன் காமிக்ஸ் பிரிவான டிசியின் நாயகர்களைக் கொண்ட, 2016 முதல் 2020 வரையிலான பத்து படங்களின் பட்டியலை அறிவித்தார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அப்போது முடிந்த திரைக்கதை கிடையாது. அதே ஆண்டின் நடுவில் ரூபர்ட் மர்டாக்கின் ஃபாக்ஸ் நிறுவனம், வார்னர் பிரதர்ஸின் தாய் நிறுவனமான டைம் வார்னரை விலைக்கு வாங்க முயன்று திரும்பியிருந்தது. எங்களுக்கும் எதிர்காலம் உண்டு என்று பங்குதாரர்களுக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்கு இருந்தது. கதைக்கு முன்பே தேதி பிறந்துவிட்ட இந்த ஏற்பாடுதான் பின்னால் நடந்த எல்லாத் தலையீட்டுக்கும் அடித்தளம் என்று நான் கருதுகிறேன். தேதியை முதலீட்டாளர்களிடம் வாக்குக் கொடுத்த பிறகு, படம் சரியாக அமையாவிட்டால் மாற்றக்கூடியது படத்தை மட்டும்தான்.

அதன் முதல் பலி 'சூயிசைட் ஸ்குவாட்'. இயக்குநர் டேவிட் ஏயருக்குத் திரைக்கதை எழுதக் கிடைத்த காலம் சுமார் ஆறு வாரங்கள். அவர் எடுத்தது குற்றவாளிகளின் துயரம் நிறைந்த, கனமான படம். 2016 ஜனவரியில் குயீன் இசைக்குழுவின் பாடலோடு வந்த முன்னோட்டம், துள்ளலும் நகைச்சுவையுமாக அமைந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. இரண்டு மாதம் கழித்து 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' இருண்ட படம் என்று திட்டு வாங்கியதும், முன்னோட்டம் வாக்களித்த படத்தையே கொடுத்துவிடலாமே என்று நிர்வாகிகளுக்குத் தோன்றியது. ஹாலிவுட் ரிப்போர்ட்டர் இதழ் அப்போது எழுதியபடி, ஏயர் தன் வடிவத்தைத் தொகுத்துக்கொண்டிருக்கும்போதே, முன்னோட்டத்தைத் தயாரித்த டிரெய்லர் பார்க் என்ற விளம்பர நிறுவனத்தைக் கொண்டு ஸ்டுடியோ இன்னொரு வடிவத்தையும் தொகுக்கச் செய்தது. 2016 மே மாதத்தில் இரண்டும் சோதனைக் காட்சிகளில் திரையிடப்பட்டன. ஆகஸ்டில் வெளியானது இரண்டையும் கலந்த ஒன்று. அந்தப் படத்தின் முதல் அரை மணி நேரத்தைப் பார்ப்பவருக்கு, பாடலுக்குப் பாடல் தாவும் அதன் நடை ஒரு நீண்ட முன்னோட்டத்தின் நடை என்பது எளிதில் விளங்கும். வசூல் ஏறத்தாழ 74 கோடி டாலரைத் தாண்டியதால் நிர்வாகத்துக்கு இது தோல்வியாகத் தெரியவில்லை. ஸ்டுடியோ வெளியிட்டது தன் படம் அல்ல என்று ஏயர் 2021இல் ஒரு நீண்ட கடிதமாகவே எழுதினார். அவருடைய வடிவம் இதுவரை வெளிவரவில்லை.

'ஜஸ்டிஸ் லீக்' விவகாரம் இன்னும் ஆழமானது. முந்தைய படத்தின் வரவேற்பைப் பார்த்த பிறகு, ஸ்டுடியோ சார்பில் ஜான் பெர்க் என்ற நிர்வாகியும், டிசி காமிக்ஸின் முக்கிய எழுத்தாளரான ஜெஃப் ஜான்ஸும் படப்பிடிப்புத் தளத்தில் இருக்கும்படி அனுப்பப்பட்டார்கள். இரண்டு பாகங்களாக அறிவித்த கதை ஒரே படமாகச் சுருங்கியது. நகைச்சுவையைக் கூட்டச் சொல்லி அழுத்தம் வந்தது. படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று சுஜிஹாரா ஆணையிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. வெளியான வடிவத்தின் நீளம் 120 நிமிடம். ஆறு நாயகர்களில் மூவருக்கு அதுவரை தனிப் படம் வந்திருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த ஆணையின் விளைவு புரியும். அவர்களை அறிமுகப்படுத்தி, இறந்துபோன சூப்பர்மேனை உயிர்ப்பித்து, வில்லனையும் நிறுவ வேண்டிய கதை அது. ஒரு நாளைக்குக் கூடுதல் முறை திரையிட்டுத் திரையரங்குகள் பெறும் வருமானத்தைக் கணக்கிட்டுச் சொன்ன நீளத்துக்குள் அந்தக் கதை அடங்க வழியே இல்லை.

2017 மார்ச்சில் ஸ்னைடரின் மகள் இறந்துபோனார். மே மாதத்தில் அவரும், தயாரிப்பாளரான அவருடைய மனைவி டெபரா ஸ்னைடரும் படத்திலிருந்து விலகினார்கள். ஸ்டுடியோவுடன் நாள்தோறும் போராட அப்போது தனக்குத் தெம்பு இருக்கவில்லை என்று ஸ்னைடர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த இடத்துக்கு, 'அவெஞ்சர்ஸ்' இயக்கிய ஜாஸ் வீடன் வந்தார். ஸ்னைடர் தொடங்கியதை முடித்துக் கொடுப்பதாகத்தான் வெளியே அறிவிப்பு இருந்தது. நடந்ததோ பெரும்பகுதியைத் திருப்பி எழுதி, சுமார் இரண்டு மாதம் மறுபடப்பிடிப்பு நடத்திய வேலை. இசையமைப்பாளர் மாற்றப்பட்டார், படத்தின் வண்ணம் வெளுத்தது, டார்க்ஸைட் என்ற மூலவில்லன் காணாமல் போனான். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அந்நேரம் பாரமவுண்டின் 'மிஷன் இம்பாசிபிள்' படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். மழிப்பதற்குப் பாரமவுண்ட் சம்மதிக்காததால், கணினி வரைகலையால் மீசையை அழித்தார்கள். அந்தக் காட்சிகளில் அவருடைய மேலுதடு இயல்பில்லாமல் அசைவதை உலகமே பார்த்தது. உலகம் அதைக் கேலியாகப் பேசியது; எனக்கோ, தேதியை ஒரு சில மாதங்கள் தள்ளிவைத்திருந்தால் வந்திருக்கவே வராத பிழை என்ற வருத்தமே மிஞ்சுகிறது.

ஏன் தள்ளிவைக்கவில்லை என்பதற்கும் படத்துக்கு வெளியிலேயே விடை இருக்கிறது. 2016 அக்டோபரில் ஏடி அண்ட் டி என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் டைம் வார்னரை வாங்கப்போவதாக அறிவித்திருந்தது. அந்த இணைப்பு முடிவதற்குள், நடப்பு ஆண்டின் கணக்கிலேயே படம் வந்துவிட வேண்டும் என்று உயர் நிர்வாகிகள் விரும்பியதாகவும், அவர்களுடைய ஊக்கத்தொகையும் அதில் சம்பந்தப்பட்டிருந்ததாகவும் அமெரிக்கத் திரைப்பட இதழ்கள் செய்தி வெளியிட்டன. 2017 நவம்பர் 17 என்ற தேதி நகரவில்லை. சுமார் 30 கோடி டாலர் செலவானதாகச் சொல்லப்பட்ட படம் உலக அளவில் ஏறத்தாழ 65 கோடி வசூலித்தது. யாரைத் திருப்திப்படுத்தத் தலையிட்டார்களோ அந்தப் பார்வையாளர்களே 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்துக்குக் கொடுத்த 87 கோடியைவிட இது மிகக் குறைவு. இயக்குநர் பெயர் மட்டும் ஸ்னைடர் என்றே திரையில் வந்தது. அந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று டெபராவும் கிறிஸ்டோபர் நோலனும் அவரைத் தடுத்தார்கள். தான் அதைப் பார்த்ததில்லை என்று அவர் பிறகு சொன்னார்.

இந்த மாற்றங்களில் அதிகம் இழந்தவர் சைபார்க் பாத்திரத்தில் நடித்த ரே ஃபிஷர். விபத்தில் உடலின் பெரும்பகுதியை இழந்து, தந்தையின் விஞ்ஞானத்தால் இயந்திர உடலோடு உயிர்பிழைத்த கறுப்பின இளைஞன் விக்டரும், அவனை உயிர்ப்பித்த குற்றவுணர்வோடு வாழும் தந்தையும் எதிரெதிரே நிற்பதுதான் ஸ்னைடரின் கதைக்கு உணர்ச்சி மையம். 120 நிமிடத்துக்குள் அடைக்கும் வேலையில் முதலில் வெட்டுப்பட்டது அதுவே. மறுபடப்பிடிப்பின்போது வீடன் நடந்துகொண்ட விதம் பற்றியும், அதற்கு நிர்வாகிகள் துணைபோனது பற்றியும் ஃபிஷர் 2020 ஜூலையில் பொதுவெளியில் குற்றஞ்சாட்டினார். வீடன் அவற்றை மறுத்தார். வார்னர் மீடியா (டைம் வார்னரின் அப்போதைய பெயர்) விசாரணை நடத்தி, திருத்த நடவடிக்கைகள் எடுக்கப்பட்டதாக 2020 டிசம்பரில் அறிவித்தது. அவை என்னவென்று சொல்லவில்லை. நிர்வாகம் ஒரு காட்சியை வெட்டும்போது, அதற்குள் தன் உழைப்பை வைத்திருக்கும் நடிகருக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியை இந்த விவாதங்கள் பெரும்பாலும் தவறவிடுகின்றன.

ஸ்னைடரின் வடிவம் வெளிவர வேண்டும் என்று ரசிகர்கள் இரண்டரை ஆண்டுகள் இடைவிடாது கேட்டார்கள். ஆனால் அது வெளிவந்த சூழலையும் மறக்கக் கூடாது. 2020 மே மாதம் வார்னர் தன் ஹெச்பிஓ மேக்ஸ் ஓடிடி தளத்தைத் தொடங்கியது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஸ்னைடரின் வடிவம் வெளிவரும் என்ற அறிவிப்பும் வந்தது. புதிய தளத்துக்குச் சந்தாதாரர் வேண்டும் என்ற வணிகத் தேவையே, அதே நிறுவனம் முன்பு அழித்த வடிவத்துக்கு ஏழு கோடி டாலர் அளவில் செலவிட்டு உயிர் கொடுத்தது. 2021 மார்ச் 18 அன்று வந்த அந்தப் படம் 242 நிமிடம் ஓடுகிறது. சைபார்க்கின் கதை முழுமையாக இருக்கிறது, காட்சிகள் ஒரே மனத்திலிருந்து பிறந்தவையாக ஒட்டிநிற்கின்றன. நான்கு மணி நேரப் படத்தை 2017இல் திரையரங்குக்கு அப்படியே அனுப்பியிருக்க முடியாது என்பதும் உண்மைதான். முதலிலேயே, திரைக்கதை நிலையில், கதையின் அளவைப் பற்றி ஸ்டுடியோ உறுதியாகப் பேசியிருந்தால் யாரும் அதைக் குறைசொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கு முன்னோடியும் உண்டு. ரிச்சர்ட் டானர் 1977 முதல் 'சூப்பர்மேன்' படத்தின் இரண்டு பாகங்களையும் சேர்த்தே எடுத்துவந்தார். முதல் பாகம் பெருவெற்றி பெற்ற பிறகும், தயாரிப்பாளர்களான சால்கைண்டுகளோடு ஏற்பட்ட மோதலால் இரண்டாம் பாகத்திலிருந்து நீக்கப்பட்டார். பெரும்பகுதியை அவர் ஏற்கனவே எடுத்திருந்தும், மீதியை முடித்த ரிச்சர்ட் லெஸ்டரின் பெயரில் படம் வந்தது. டானரின் வடிவம் வெளியாக 2006 வரை ஆயிற்று.

மார்வெலில் தலையீடு இல்லை என்று யாராவது சொன்னால் அது தவறு. டிஸ்னி 2009இல் சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கிய பிறகும், நியூயார்க்கிலிருந்த மார்வெல் தலைமை நிர்வாகி ஐக் பெர்ல்மட்டரின் நிர்வாகமும், அவரோடு சேர்ந்த படைப்புக் குழு ஒன்றும், கலிபோர்னியாவிலிருந்து படங்களைத் தயாரித்த கெவின் ஃபைகிக்குக் குறிப்புகளை அனுப்பிக்கொண்டே இருந்தன. 'அயர்ன் மேன் 3' திரைக்கதையில் முதன்மை வில்லி ஒரு பெண்ணாகவே இருந்தார். பெண் பாத்திரத்தின் பொம்மை விற்காது என்று நிறுவனத்திலிருந்து ஆணை வந்ததால் அதை ஆணாக மாற்ற நேர்ந்தது என்று இயக்குநர் ஷேன் பிளாக் 2016இல் சொன்னார். 'தோர்: தி டார்க் வேர்ல்ட்' இயக்கிய ஆலன் டெய்லர், படப்பிடிப்பில் தனக்கு இருந்த சுதந்திரம் தொகுப்பு மேசைக்குப் போனதும் மறைந்து, அது வேறொரு படமாகிவிட்டது என்று வருந்தினார். 'ஆன்ட் மேன்' படத்துக்காக எட்டு ஆண்டுகள் உழைத்த எட்கர் ரைட், தன் ஒப்புதலின்றித் திரைக்கதை திருத்தி எழுதப்பட்டதும், படப்பிடிப்பு தொடங்கும் முன்பே, 2014 மே மாதம் விலகினார். அந்த விலகல் வேதனையானது என்றாலும், எடுத்த படம் சிதைவதைவிட எடுக்காமலே பிரிவது இரு தரப்புக்கும் மேலானது என்று எனக்குத் தோன்றுகிறது; புதிய இயக்குநர் பேட்டன் ரீடால் குறைந்தபட்சம் ஒரே தன்மை கொண்ட ஒரு படத்தைக் கொடுக்க முடிந்தது.

2015இல் டிஸ்னி, ஃபைகியை பெர்ல்மட்டரின் அதிகாரத்திலிருந்து விடுவித்தது. படைப்புக் குழுவும் கலைந்தது. 'பிளாக் பேந்தர்', 'கேப்டன் மார்வெல்' ஆகிய படங்களுக்கு நியூயார்க் போட்ட முட்டுக்கட்டையைத் தானே தொலைபேசியில் அழைத்து நீக்கச் சொன்னதாக டிஸ்னியின் அன்றைய தலைவர் பாப் ஐகர் தன் நினைவுக்குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். அதுவும் மேலிடத்துத் தலையீடுதான். ஆனால் அது படம் பிறப்பதற்கு முன்பே நிகழ்ந்தது. இரண்டு படங்களும் தலா 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தன. ஃபைகியின் முறையிலும் மறுபடப்பிடிப்பு உண்டு, எனினும் அதற்கான நாட்களும் பணமும் தொடக்கத்திலேயே ஒதுக்கப்படுகின்றன. கதையை முதல் நாளிலிருந்து அறிந்த ஒருவரே மாற்றத்தையும் சொல்கிறார்.

அந்த ஏற்பாடும் நிலைக்கவில்லை. டிஸ்னி பிளஸ் தளத்துக்காக மார்வெல் ஆண்டுதோறும் பல தொடர்களையும் படங்களையும் குவித்தபோது, எதையும் ஒருவரே கவனிக்க முடியாமல் போயிற்று. 2023 நவம்பரில் நியா டாகோஸ்டா இயக்கிய 'தி மார்வெல்ஸ்' தோல்வியடைந்ததும், தளத்தில் நாள்தோறும் மேற்பார்வை செய்ய நிர்வாகிகள் போதிய அளவு இல்லை என்பதை ஒரு காரணமாக ஐகர் பொதுமேடையில் குறிப்பிட்டார். அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அளவுக்கு மீறிப் படங்களைக் குவிக்கச் சொன்னது தலைமை. அதன் சுமை, சொல்லாமல் சொல்லி, இயக்குநரின் தோளில் இறக்கப்பட்டது.

வார்னரில் அடுத்து நடந்தது இன்னும் கடுமையானது. 2022 ஏப்ரலில் டிஸ்கவரி தொலைக்காட்சி நிறுவனத்தோடு இணைந்த பின் டேவிட் ஸாஸ்லாவ் தலைமை ஏற்றார். அதே ஆண்டு ஆகஸ்டில், படப்பிடிப்பு முடிந்து தொகுப்பில் இருந்த 'பேட்கேர்ள்' படம், சுமார் ஒன்பது கோடி டாலர் செலவான நிலையில், எந்தத் தளத்திலும் வெளியாகாது என்று முடிவானது. அதன் செலவு வரிக்கணக்கில் நட்டமாகக் காட்டப்பட்டது. 2022 நவம்பரில் டிசி ஸ்டுடியோஸ் என்ற புதிய அமைப்பு உருவாகி, இயக்குநர் ஜேம்ஸ் கன்னும் தயாரிப்பாளர் பீட்டர் சாஃப்ரானும் பொறுப்பேற்றார்கள். திரைக்கதை முடிந்து, தனக்கு நிறைவு தராதவரை எந்தப் படமும் படப்பிடிப்புக்குப் போகாது என்று கன் பலமுறை சொல்லியிருக்கிறார். 2014இன் பட்டியலில் இல்லாமல் போனது இந்த ஒரு நிபந்தனைதான். 2025 ஜூலையில் வந்த 'சூப்பர்மேன்' 60 கோடி டாலரைத் தாண்டியது, ஆனால் அதை எழுதி இயக்கியவரும் கன்னே. நிர்வாகியும் இயக்குநரும் ஒருவராக இருக்கும் படத்தில் இந்த விதிக்குச் சோதனை இல்லை. வேறொருவர் இயக்கிய படம் சோதனைக் காட்சியில் குறைந்த எண்ணைப் பெற்று, வெளியீட்டுத் தேதி மூன்று மாதத்தில் இருக்கும்போது, கன் அந்த இயக்குநருக்கு எத்தனை வாரம் வாங்கித் தருகிறார் என்பதில்தான் புதிய ஏற்பாடு பழையதிலிருந்து வேறுபடுகிறதா என்பது தெரியும்.